மாலை ஐந்து மணிக்குப் பிறகு யார் பொறுப்பு?

தேனி மாவட்டத்தின் அரசுக் கல்லூரிகளை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை கம்பம் பள்ளத்தாக்கின் வாயிலேயே நின்றுவிடுவது தெரியும். மருத்துவக் கல்லூரி ஆண்டிபட்டி பக்கம் க.விலக்கில் இருக்கிறது. தோட்டக்கலைக் கல்லூரி பெரியகுளத்தில், பொறியியல் கல்லூரி போடிநாயக்கனூரில், கலை அறிவியல் கல்லூரி வீரபாண்டியில். சட்டக் கல்லூரியும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தேனி நகரை ஒட்டி அமைந்துவிட்டன. தெற்கே உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரிதான் பள்ளத்தாக்குக்கு நீண்ட காலம் உயர்கல்வியின் முகவரியாக இருந்தது. ஆனால் மாணவர்கள் வருவதோ சின்னமனூர், தேவாரம், கோம்பை, காமயகவுண்டன்பட்டி, கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என்று மலையடிவாரம் வரை நீளும் ஊர்களிலிருந்து. கூடலூரிலிருந்து தேனிக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நின்று நின்று போகும் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் அகல ரயில் வந்துவிட்டது. ஆனால் பள்ளத்தாக்குக்குள் தண்டவாளமே கிடையாது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் குமுளி சாலையை நிறைத்துவிடும் நாட்களில்தான் கல்லூரிகளில் பருவத் தேர்வும் நடக்கிறது. இந்த நிலவியலில், படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்வது மதிப்பெண் அல்ல, விடுதியில் இடம் கிடைத்ததா என்ற ஒரே கேள்விதான்.

தூரம் மட்டும் காரணம் என்றால் பேருந்தைக் கூட்டினால் போதும். இங்கே வீட்டின் நிலைமையும் சேர்ந்துகொள்கிறது. கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பகுதிகளிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கானோர் விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். சிலர் தோட்டத்திலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு. காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் ஆடி முதல் தை வரையிலான காலமும் கல்வியாண்டின் பெரும்பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அந்த வீட்டுப் பெண், கல்லூரியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து, அடுப்பைப் பற்றவைத்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் புத்தகத்தைத் தொட முடியும். மலைக்கிராமங்களின் நிலை இன்னும் கடினம். மேகமலை எஸ்டேட் குடியிருப்புகளுக்கும் வருசநாட்டு மலையூர்களுக்கும் பேருந்து என்பது நாளில் எண்ணக்கூடிய தடவைதான். போடி மலையில் சில ஊர்களுக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரமே குதிரையில்தான் போகிறது. அங்கிருந்து கீழிறங்கிப் படிக்க வரும் பிள்ளைக்கு, படிக்கும் காலத்தில் வீடு என்பதே விடுதிதான்.

தமிழக அரசு இதை உணராமல் இல்லை. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இந்த இடைவெளியை உருவாக்கியதில் விடுதிகளுக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் நலத்துறைகளின் கீழ் மாநிலம் முழுவதும் 2,700க்கும் மேற்பட்ட விடுதிகள் இயங்குகின்றன. அவற்றில் ஏறத்தாழ 1.80 லட்சம் மாணவர்கள் தங்குகிறார்கள். 2025 ஜூலையில் இவை அனைத்துக்கும் ‘சமூகநீதி விடுதிகள்’ என்ற பொதுப்பெயரை அரசு அறிவித்தது. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் ஒவ்வொன்றிலும் முகாம்வாழ் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கு ஐந்து இடம் தனியே ஒதுக்கியிருப்பது போன்ற நுட்பமான அக்கறையும் விதிகளில் உண்டு. ஆனால் இந்த விதிகளும் ஆய்வுகளும் புள்ளிவிவரங்களும் பெரும்பாலும் இரண்டையே அளக்கின்றன: எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள். தங்கியவர் படித்தாரா, தேறினாரா, பாதியில் நின்றாரா என்று விடுதியைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. விடுதியை நலத்திட்டமாக மட்டும் நடத்துவதை விட்டு, கல்லூரியின் மறுபாதியாக நடத்தத் தொடங்க வேண்டும். என் வாதம் இவ்வளவுதான்.

இப்போதைய ஏற்பாட்டில் உள்ள விரிசலைப் பாருங்கள். கல்லூரி உயர்கல்வித் துறையின் கீழ் வருகிறது, விடுதி ஏதோ ஒரு நலத்துறையின் கீழ். விடுதி பெரும்பாலும் கல்லூரி வளாகத்துக்குள் இருப்பதில்லை. ஊருக்குள் ஒரு தெருவிலோ புறவழிச்சாலை ஓரத்திலோ இருக்கும். ஒரு மாணவர் மூன்று நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் அது பதிவாகும், விடுதிக் காப்பாளருக்குத் தெரிய வராது. அவர் மூன்று இரவு விடுதிக்குத் திரும்பாவிட்டால் காப்பாளரின் பதிவேட்டில் இருக்கும், துறைத் தலைவருக்குத் தெரியாது. சேர்க்கையிலேயே இந்த விரிசல் தொடங்கிவிடுகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ தொடங்கிவிடுகின்றன. கல்லூரி விடுதிகளுக்கோ பல ஆண்டுகளில் ஜூலை நடுப்பகுதி வரை விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு தேர்வுக் குழு கூடி, பட்டியல் வெளியாக வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் அந்த மாணவர் உறவினர் வீட்டில் ஒண்டியாக வேண்டும், அல்லது தினமும் நூறு கிலோமீட்டர் அலைய வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் ஒருவர் ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று முடிவெடுப்பதும் அந்த வாரங்களில்தான்.

தூர விதியிலும் இதே பார்வைக் குறை இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர, வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும்; மாணவியருக்கு இந்த விதி கிடையாது. சமவெளியில் இது நியாயமான எல்லை. மலைச்சரிவில் ஏழு கிலோமீட்டர் என்பது, பேருந்தைத் தவறவிட்டால் இரண்டு மணி நேர நடை. தேனி போன்ற மாவட்டத்தில் தூரத்தை கிலோமீட்டரில் அளக்காமல், கடைசிப் பேருந்தின் நேரத்தை வைத்து அளப்பதே பொருத்தம். ஆட்சியர் தலைமையிலான தேர்வுக் குழுவுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் கொடுத்தால் போதும். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

அடுத்து, மாலை ஆறு மணிக்கு மேல் விடுதிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பழைய கட்டடங்களில் இயங்கும் விடுதிகளின் காட்சி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரு நீண்ட கூடம். சுவரோரம் வரிசையாக டிரங்குப் பெட்டிகள். சுருட்டி வைத்த பாய்கள். மேலே இரண்டு மூன்று டியூப்லைட். மேசை இல்லாததால் பெட்டியே மேசை. ஒற்றை பிளக் பாயிண்டில் ஐந்தாறு செல்பேசிகள் முறை வைத்துச் சார்ஜ் ஏறும். ஒருவர் படிக்க விளக்கு எரிந்தால் இன்னொருவர் தூங்க முடியாது. ஒருவர் தூங்க வேண்டுமென்றால் மற்றவர் படிக்க முடியாது. பொறியியலும் சட்டமும் செவிலியமும் படிக்கிறவர்களுக்குப் பாடக்குறிப்பு, ஒப்படைப்பு, தேர்வு விண்ணப்பம், உதவித்தொகைப் பதிவு எல்லாமே இணையத்தில்தான். விடுதியில் இணையம் இல்லாதபோது சொந்த டேட்டா பேக்கே நூலகமாகிறது. விடுதியில் இணையம் தொடர்பாக 2019இல் கேரள உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. மாலை 6 முதல் இரவு 10 மணி வரை செல்பேசியை ஒப்படைக்க மறுத்ததற்காக ஒரு கல்லூரி விடுதி ஒரு மாணவியை வெளியேற்றியிருந்தது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று சொல்லி, அவரை மீண்டும் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. உரிமை என்று நீதிமன்றமே ஏற்ற ஒன்றை வசதி என்ற கணக்கில் தள்ளிப்போடுவது முறையல்ல. ஒவ்வொரு விடுதியிலும் தூங்கும் இடத்திலிருந்து பிரிந்த ஒரு படிப்பறை, ஆளுக்கொரு இருக்கை, போதிய பிளக் பாயிண்டுகள், ஓர் இணைய இணைப்பு ஆகியவற்றையே குறைந்தபட்ச அளவுகோலாக அறிவிக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்குக்கும் படிப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2023இல் உணவுப்படி பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவருக்கு 1,100இலிருந்து 1,500 ஆகவும் உயர்ந்தது. வரவேற்கத்தக்க உயர்வு. ஆனால் வகுத்துப் பார்த்தால் கல்லூரி மாணவருக்கு ஒரு நாளுக்கு ஐம்பது ரூபாய், ஒரு வேளைக்குப் பதினாறு பதினேழு ரூபாய். தேனி பேருந்து நிலையத்தில் ஒரு டீயும் ஒரு வடையும் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். மொத்தமாகச் சமைப்பதால் செலவு குறையும் என்பது உண்மைதான். அதற்காக முட்டையும் பருப்பும் எண்ணெயும் காய்கறியும் விடுதிக்கென்று விலை இறங்குவதில்லை. விலை ஏறும்போது சாம்பாரில் பருப்பு குறையும், பொரியலின் அளவு குறையும். கணக்கில் மட்டும் எதுவும் குறையாது. அரசு ஊழியருக்கு விலைவாசியை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. விடுதியில் சாப்பிடும் மாணவரின் தட்டுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் பொருந்தக்கூடாது? உணவுப்படியை ஆண்டுதோறும் தானாக உயரும்படி விலைவாசிக் குறியீட்டுடன் இணைத்துவிட்டால், ஒவ்வொரு உயர்வுக்கும் சட்டப்பேரவை அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர்களே இடம்பெறும் உணவுக் குழுவும், வாரந்தோறும் சுவரில் ஒட்டப்படும் கொள்முதல் கணக்கும் இருந்தால், உயரும் தொகை தட்டுக்கு வந்து சேருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டுவதற்கு ஒரு பொறுப்பாளர் தேவை. 1.80 லட்சம் மாணவர்களை 2,700 விடுதிகளால் வகுத்தால், ஒரு விடுதிக்குச் சராசரியாக அறுபத்தேழு பேர். இது ஒரு வகுப்பறை அளவுதான். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய எண்ணிக்கை. காப்பாளர் இப்போது அரிசிக் கணக்கையும் பராமரிப்பையும் அலுவலகக் கடிதங்களையும் பார்க்கவே நேரம் போதாமல் இருக்கிறார். ஆகவே ஒவ்வொரு கல்லூரி விடுதிக்கும் அருகிலுள்ள கல்லூரியின் ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாசிரியராக நியமித்து, அந்தப் பணியை அவருடைய பணிச்சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வாரம் இரண்டு மாலை அவர் விடுதியில் இருப்பார். விடுதி மாணவர்களின் வருகையும் மதிப்பெண்ணும் அவர் வழியாகக் காப்பாளருக்கு வந்து சேரும். விடுதியின் குறைகள் அவர் வழியாகக் கல்லூரி முதல்வர் மேசைக்குப் போகும். அந்தக் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டே முதலாண்டினருக்கு ஆங்கிலமும் கணிதமும் சொல்லித்தரலாம். ஆய்வக வகுப்பு முடியும் நேரத்துக்கும் விடுதிப் பாதைக்கும் பொருந்த ஒரு நகரப் பேருந்தைத் திருப்பிவிடப் போக்குவரத்துக் கழகத்திடம் முதல்வரும் காப்பாளரும் சேர்ந்து கேட்டால், தனித்தனியாகக் கேட்பதைவிட வலு கூடும்.

இதற்கு எழும் முதல் எதிர்வாதம், விடுதியை மேம்படுத்துவதைவிடப் பள்ளத்தாக்குக்குள் புதிய கல்லூரிகளைத் திறப்பதும் பேருந்துகளைக் கூட்டுவதும் நல்லது என்பது. கல்லூரிகள் வரட்டும், வேண்டாம் என்பார் யாருமில்லை. ஆனால் மருத்துவம், சட்டம், கால்நடை மருத்துவம், தோட்டக்கலை போன்ற படிப்புகளை ஊருக்கு ஊர் தொடங்க முடியாது. பேருந்துச் சலுகைகளுக்கும் எல்லை உண்டு: மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான், கம்பத்திலிருந்து தேனிக்கு ஓடும் புறநகர்ப் பேருந்துக்குப் பொருந்தாது. கல்லூரி மாணவருக்குப் பயணச் சீட்டுச் சலுகை உண்டென்றாலும், சாலையில் போகும் மூன்று மணி நேரத்தை எந்தச் சலுகையும் திருப்பித் தராது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாயே போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தப் பணம் புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் உதவும். அமைதியான ஓர் அறையையும் வேளைக்குச் சாப்பாட்டையும் தேனி நகரில் அந்தப் பணத்துக்கு யாரும் தரமாட்டார்கள்.

இரண்டாவது, செலவு. மேலே சொன்னவற்றில் பணம் கேட்பவை படிப்பறை, இணையம், உணவுப்படி ஆகிய மூன்று மட்டுமே. சேர்க்கையை ஒரே நேரத்தில் நடத்துவதற்கும், வருகைப் பதிவைப் பகிர்வதற்கும், தூர விதியைத் தளர்த்துவதற்கும், உணவுக் கணக்கைச் சுவரில் ஒட்டுவதற்கும் வேண்டியது மனமும் ஒரு சுற்றறிக்கையும்தான். அரசால் தரமான விடுதி நடத்த முடியாது என்ற அவநம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. 2023இல் தாம்பரத்தில் திறக்கப்பட்ட ‘தோழி’ விடுதியும் அதைத் தொடர்ந்து பல நகரங்களில் வந்தவையும், பணிபுரியும் பெண்களுக்கு அரசே நல்ல தங்குமிடம் நடத்த முடியும் என்று காட்டியிருக்கின்றன. சம்பளம் வாங்குகிறவருக்குச் சாத்தியமானது, ஏலத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்குச் சாத்தியமில்லையா?

மூன்றாவது எதிர்வாதம் இந்த மண்ணுக்கே உரியது. மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கும் 1920இல் பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூட்டுக்கும் பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் விடுதிகளும் எழுந்தன. அவற்றைக் கள்ளர் சமூக மக்கள் தங்கள் உரிமையின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். ஆதிதிராவிடர் விடுதிகளுக்கும் இதே போன்ற நீண்ட வரலாறு உண்டு; அங்கே 85 விழுக்காடு இடம் அம்மக்களுக்கு உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இத்தகைய நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைப்பது குறித்து 2023 நிதிநிலை அறிக்கையிலும், 2024இல் நீதிபதி கே.சந்துரு குழுவின் பரிந்துரையிலும் பேசப்பட்டபோது இங்கே எழுந்த எதிர்ப்பு, ஒதுக்கீடும் சொத்தும் பொதுக்கணக்கில் கரைந்துவிடும் என்ற அச்சத்தின் வெளிப்பாடு. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். நான் கேட்பது இணைப்பும் அல்ல. விடுதி எந்தத் துறையுடையதோ அந்தத் துறையுடையதாகவே இருக்கட்டும், இட ஒதுக்கீடும் அப்படியே தொடரட்டும். மாணவரின் படிப்புக்கான பொறுப்பை மட்டும் கல்லூரியும் விடுதியும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்த விடுதிகளைத் தொடங்கியவர்களின் நோக்கம் கட்டடம் கட்டுவது அல்ல, தலைமுறையைக் கரையேற்றுவது. அந்த நோக்கத்தை அளக்க ஏற்பாடு செய்வது அவர்களுடைய உரிமைக்கு எதிரானதாகாது.

நான்காவதாக, பெற்றோர்களின் கவலை. மகளை வெளியூர் விடுதியில் விடும் தாய் தந்தையர் முதலில் கேட்பது கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதைத்தான். நியாயமான கேள்வி, ஆனால் அதோடு நின்றுவிடக்கூடாது. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில் இருவர் உயிரிழந்தனர். ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பழைய மின்வயரிலிருந்தும், இரண்டாவது வாசல் இல்லாத கட்டடத்திலிருந்தும் வருகிறது. மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்குகிறது. தேனி, பெரியகுளம், போடியில் மாணவியர் தங்கும் தனியார் விடுதிகளில் உரிமம் பெற்றவை எவை என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக்கு முன் வெளியிட்டால், பெற்றோரின் அச்சத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. நேரக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை, மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்க்கலாம். 2022 இறுதியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர், இரவில் விடுதிக் கதவை மூடும் நேரம் தங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டுப் போராடினார்கள். இருபாலருக்கும் ஒரே விதி என்று கேரள அரசு ஆணையிட்டது. நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் போய்வர முடியாதபடி பெண்ணைப் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. விளக்கு எரியும் தெருவும், நேரத்துக்கு வரும் பேருந்தும், சீராகச் சோதிக்கப்பட்ட மின்வயரும்தான் பாதுகாப்பு.

வரும் ஜூனில் கல்லூரிச் சேர்க்கை தொடங்குவதற்கு முன், தேனி மாவட்ட ஆட்சியர் அரசுக் கல்லூரி முதல்வர்களையும் நலத்துறை அலுவலர்களையும் விடுதிக் காப்பாளர்களையும் போக்குவரத்துக் கழகத்தினரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கு வரும் நாளிலேயே அதே வளாகத்தில் விடுதி விண்ணப்பத்தையும் வாங்கி, வகுப்பு தொடங்கும் நாளன்று மாணவருக்கு ஒரு படுக்கையும் ஒரு மேசையும் உறுதி செய்ய வேண்டும். ஆண்டு முடிவில் ஒவ்வொரு விடுதியிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்ற மூன்று எண்களை வெளியிட வேண்டும். இடங்கள் நிரம்பின என்ற கணக்கு இனி போதாது; பட்டம் வாங்கியவர் எத்தனை பேர் என்ற கணக்கைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, அதை அவர்கள் கேட்கவும் வேண்டும்.